பிள்ளையாருக்கு மட்டும் நிற்கும் வாகனம்

அத்தியாயம் 14

அந்தப் படம் முதன்முதலாக வீட்டுக்கு வந்த நாளில் கௌசலா சிரித்தாள். அதைச் சொல்லாமல் இந்த வெள்ளிக்கிழமையைத் தொடங்குவது தயாளினிக்குச் செய்கிற அநியாயம்.

படத்தில் வவுனியாச் சந்தி. சிவப்பு விளக்கு எரிகிறது. அதைச் சட்டை செய்யாமல் ஒரு வெள்ளைக் கெப் வாகனம் பாய்ந்து போகிறது. கம்பத்தில் பூட்டிய கமரா பின்னாலிருந்து எடுத்த படம் என்பதால் இலக்கத்தகடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. தண்டம் கட்டச் சொல்லி அது திணைக்களத்துக்கு வந்தபோது கந்தோர் முழுக்கச் சிரிப்பு. அரசாங்கத்தின் வாகனத்துக்கு அரசாங்கம் தண்டம் அடித்தால், எந்தப் பையில் எடுத்து எந்தப் பையில் போடுவது என்று பணிப்பாளர் கேட்டாராம்.

சாரதி விஜிதரன் அந்தக் கடுதாசியைப் போனில் படம்பிடித்து வந்து மனைவிக்குக் காட்டினான். கௌசலா அதைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டாள். எங்கட ஆளுக்குச் சந்தியில் வைத்துப் படம் எடுக்கினம் என்று கீழே எழுதினாள். கனடாச் சித்தப்பா கைதட்டினார்.

பிறகும் படங்கள் வந்தன. ஒருவரும் கட்டவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. கடைக்குப் போகிற கிழவனைத் தலைக்கவசம் எங்கே என்று மறிக்கிற நாட்டில் அந்த வாகனத்தை மறிக்க ஒரு கை எழும்பவில்லை. சிவப்பு விழுகிற ஒவ்வொரு முறையும் முன் சீற்றில் இருக்கிற பணிப்பாளர் சேரிடம் இருந்து ஒரே ஒரு சொல்தான் வரும். "போ." நிரந்தர நியமனத்துக்காக நாலு வருடமாகக் காத்திருக்கும் தற்காலிகச் சாரதி அந்தச் சொல்லுக்கு என்ன செய்வான். போனான்.

இந்தத் திங்கட்கிழமையும் போனான். அதே சந்தி, அதே சிவப்பு. பச்சை விழுந்த பக்கத்தால் வந்த ஸ்கூட்டியை வாகனம் அடித்துத் தூக்கி எறிந்தது. ஓட்டிவந்தவள் தயாளினி, வவுனியாவில் வாடகை அறை எடுத்திருந்து வேலைக்குப் போகிற முன்பள்ளி ஆசிரியை. இன்னும் கண் திறக்கவில்லை.

சத்தம் கேட்டது, எதில் பட்டதென்று தெரியாது என்று போனில் விசாரித்த பொலிசுக்குச் சொல்லியிருந்தான் விஜிதரன். ஆனால் அன்றிரவு, குசினிக்குள் நிலத்தில் இருந்துகொண்டு அவன் மனைவியிடம் சொன்னது வேறு.

"கண்ணாடியில கண்டனான் கௌசி. பிள்ளை எழும்பேல்லை. சேர் போ எண்டவர். நான் போயிட்டன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. அடித்த வாகனம் அடுத்த நாளே கராஜுக்குப் போய் முன்பக்கத்தை மாற்றிக்கொண்டது. வியாழன் பின்னேரம் திணைக்களம் பொலிசுக்குத் தன் பதிலைச் சொன்னது. பணிப்பாளர் திங்கள் முழுவதும் கிளிநொச்சியில் கூட்டத்தில் இருந்தாராம். சாரதி தன் சொந்த அலுவலுக்கு அனுமதி இல்லாமல் வாகனத்தைக் கொண்டுபோனானாம். வெள்ளி மத்தியானத்துக்குள் வவுனியாவுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கும்படி விஜிதரனுக்கு அழைப்பு வந்தது.

ஒருத்தன் சறுக்கி விழுந்தால் அவன் முதுகில் ஏறி மதில் பாய்கிறவர்களும் இருக்கிறார்கள். விஜிதரன் வாயைத் திறந்து சேர் இருந்தவர் என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை. கமராவுக்கு முதுகு மட்டும்தான் தெரியும்.

*

வெள்ளிக்கிழமை விடியவே கௌசலாவின் தகப்பன் மயில்வாகனம் புறப்பட்டுவிட்டார். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த சிவப்பரிசியில் அரை மூட்டை கட்டி, சைக்கிள் கரியரில் வைத்து, பணிப்பாளரின் குவாட்டர்ஸுக்கு உருட்டிக்கொண்டு போனார்.

மருமகனுக்கு இந்த வேலை கிடைத்ததும் அப்படித்தான். அப்போதும் அரிசிதான், அப்போதும் விடியற்காலைதான். மயில்வாகனத்தின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, காணி கிடைத்து, காட்டை வெட்டி வயலாக்கியவர். வாய்க்கால் தண்ணீருக்காக மயில்வாகனம் எவனோடும் மல்லுக்கு நிற்பார். ஆனால் பெரிய உத்தியோகத்தர் ஒருவரின் வாசல் படலையைக் கண்டால் போதும், தோளில் கிடக்கும் சால்வை தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். அது அவருடைய பிழையில்லை. அந்தப் படலைகள் எல்லோரையும் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கின்றன.

அரிசி உள்ளே போனது. அவர் வெளியே நின்றார். வெயில் ஏறிய பிறகு பணிப்பாளர் வந்து, கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்தார். தம்பியை நான் கைவிடுவேனா என்று கேட்டார். நல்ல லோயரைத் தானே பிடித்துத் தருவதாகவும், ஒரு மாதத்தில் எல்லாம் தணிந்துவிடும் என்றும், நியமனம் தன் மேசையில் இருப்பதாகவும் சொன்னார். விஜிதரன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. வாகனத்தில் தான் தனியாக இருந்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கவேண்டும்.

"என்ர பேர் வந்தா நானும் போவன், அவரும் போவார். பிறகு ஆர் அவரை எடுத்துவிடுறது, சொல்லுங்கோ?"

மயில்வாகனம் தலையை ஆட்டினார். சொல் கொடுத்துவிட்டு வந்தார். பத்தரைக்குப் பணிப்பாளரே வாகனத்தோடு வந்து மருமகனை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னது அவருக்குப் பெரிய ஆறுதலாகவும் இருந்தது. பாவம் மனுசன். வெட்டுக்குப் போகும் ஆட்டுக்கு வாகனம் வருகிறதென்று சந்தோசப்பட்டார்.

அவர் திரும்பி வந்தபோது கௌசலா வீட்டில் இல்லை.

*

கௌசலாவும் விடியப்புறம் தூங்கவில்லை. மனுசனைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். கிளிநொச்சியில் இருந்து வவுனியா மட்டுக்கும் அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள், சேரை ஒரு குருவிகூடவா காணவில்லை என்று கேட்டாள். கந்தோர் வாசலில் ஏறும்போது ஆட்கள் இல்லை. மாங்குளத்தில் நிற்கவில்லை. புளியங்குளத்தில் நிற்கவில்லை. ஓமந்தையில் நிற்கவில்லை.

"முறிகண்டியில நிப்பாட்டினது" என்றான் விஜிதரன்.

முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டிப் போகிற எந்த வாகனமும் நிற்கும். பஸ் நிற்கும், லொறி நிற்கும், கொழும்பில் இருந்து வருகிற பெரிய கார்களும் நிற்கும். இறங்கி ஒரு கற்பூரம் கொளுத்தி, உண்டியலில் ஏதாவது போட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் வழி. வன்னியில் அது சட்டத்திலும் பெரிய சட்டம். எந்தச் சிவப்புக்கும் நிற்காத விஜிதரனின் வாகனமும் அங்கே ஒரு நாளும் நிற்காமல் போனதில்லை.

சேர் இறங்குவதில்லை. திங்கட்கிழமையும் சீற்றில் இருந்தபடியே கண்ணாடியை இறக்கி, கச்சான் கடலை விற்கிற ஒரு அம்மாவைக் கூப்பிட்டார். ஒன்றை உடைத்து வாயில் போட்டார். வறுத்தது காணாது என்று சொல்லிப் பையை அவளுடைய காலடியில் எறிந்தார். கச்சான் தெருவெல்லாம் சிதறியது. அந்த அம்மா குனிந்து பொறுக்கினாள். கற்பூரம் கொளுத்திவிட்டு வந்த விஜிதரன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஏறி ஓட்டினான்.

அப்படி எறிந்தவனின் முகத்தை எந்தப் பெண்ணும் மறக்கமாட்டாள் என்று கௌசலாவுக்குத் தெரியும். மகள் யதுர்ஷிகாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறினாள். வாசலில் வைத்துப் பிள்ளை கேட்டிருந்தது, அப்பா அடித்தது எந்த ரீச்சருக்கு என்று. கௌசலா அதன் தலைப்பின்னலைச் சரிசெய்து உள்ளே அனுப்பினாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுதாள்.

அந்த அம்மா ஓம் என்று சொன்னால் விஜிதரன் தனியாக விழமாட்டான். சொல்லாவிட்டால் சிறை மறியலும் அவனுக்கு, பழியும் அவனுக்கு, நியமனம் கனவு. பஸ் போன தூரமெல்லாம் அவளுக்குள் இது மட்டும்தான் ஓடியது.

*

வெள்ளிக்கிழமை என்பதால் முறிகண்டியில் சனம். கச்சான் கடைகள் வரிசையாக இருந்தன. முன்னால் வந்து வாங்கோ அக்கா என்று கூப்பிட்ட ஜெயரூபி என்ற கடைக்காரப் பெண்ணிடமே கௌசலா விசாரித்தாள். திங்கட்கிழமை ஒரு அரசாங்க வாகனத்துக்குக் கச்சான் கொடுத்து, எறி வாங்கிய அம்மா யார்?

ஜெயரூபிக்கு உடனே தெரிந்தது. நானும் சேர்ந்துதான் பொறுக்கிக் கொடுத்தேன், ஆனால் நான் பின்னால் நின்றதால் அந்த ஆளின் முகத்தைக் காணவில்லை என்றாள். அது சுப்பம்மா அக்காவாம். மலையகத்தில் இருந்து எப்போதோ வந்து இந்தப் பக்கம் காடு திருத்திக் குடியேறிய குடும்பமாம். புருசன் இல்லை. கச்சான் வறுத்தே ஒரு பிள்ளையைப் படிப்பித்து ஆளாக்கினவளாம்.

"பாவம் அக்கா அவா. அண்டைக்கே வவுனியாக் கலர் லைட்டில மகளை ஒரு வாகனம் அடிச்சிட்டுப் போயிட்டுது. தயாளினி எண்டு, நேர்சரி ரீச்சர். ராவெல்லாம் ஆஸ்பத்திரியில இருந்திட்டு, இப்பதான் நேர்த்தி வைக்க வந்து நிக்கிறா."

கௌசலா பக்கத்தில் கிடந்த மர வாங்கில் இருந்தாள். ஜெயரூபி பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

கிளிநொச்சிக்குப் போகிற பஸ் ஒன்று வந்து நின்றது. ஏறினால் முடிந்தது. யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவள் எழும்பினாள், பஸ் வாசல் மட்டுக்கும் போனாள், கொண்டக்டர் ஏறுங்கோ என்றதும் இல்லை என்று தலையாட்டினாள். பஸ் போய்விட்டது.

இன்னொரு வழியும் அவளுடைய புத்தியில் வந்தது. தான் யாரென்று சொல்லவேண்டாம். கந்தோரில் இருந்து விசாரிக்க வந்ததாகச் சொல்லி, முன் சீற்றில் இருந்தவர் எப்படி இருந்தார் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். திரும்பி வந்து வாங்கில் இருந்து, கேட்கவேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள்.

சுப்பம்மா கோயிலில் இருந்து வந்தாள். மெலிந்த உடம்பு, நித்திரை இல்லாத கண். வாங்கில் சோர்ந்துபோய் இருக்கும் இந்தப் பெண் யாரென்று ஜெயரூபியிடம் கேட்டாள். பிறகு தானாகவே கிட்ட வந்து, கையில் இருந்த திருநீற்றில் ஒரு நுள்ளு எடுத்துக் கௌசலாவின் நெற்றியில் பூசினாள்.

"உனக்கும் ஆஸ்பத்திரியில ஆரும் கிடக்கினமோ பிள்ளை?"

அந்தக் கெட்டிக்காரத்தனம் அத்தோடு போனது. கௌசலா அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் அந்த டிரைவரின்ர மனுசி."

சுப்பம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. எந்த டிரைவர் என்று கேட்டாள். கௌசலா எல்லாவற்றையும் சொன்னாள். மகளை அடித்த வாகனமும் உங்களிடம் கச்சான் வாங்கிய வாகனமும் ஒன்றுதான் என்று சொன்னாள். முன் சீற்றில் இருந்தவர் இப்போது தான் அங்கே இருக்கவேயில்லை என்கிறார் என்றாள். இதற்கு முதல் வந்த படங்களையும், அதைப் பார்த்துத் தான் சிரித்ததையும்கூடச் சொன்னாள். ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. நெஞ்சில் கிடந்து அரித்த எல்லாம் வாயால் வந்தன.

சுப்பம்மா கத்தவில்லை, அடிக்கவில்லை. பிடித்திருந்த கையை மெதுவாக உருவி எடுத்தாள். அவ்வளவுதான். கௌசலாவுக்கு அது அடியிலும் மோசமாக இருந்தது.

"அந்தக் கச்சானைப் பொறுக்கிக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டு நிக்கேக்கதான் எனக்குப் போன் வந்தது" என்றாள் சுப்பம்மா. பிறகு கேட்டாள். "உன்ர மனுசன், அடிச்சதைக் கண்டவரோ?"

பொலிசுக்குச் சொன்ன பொய் கௌசலாவின் நாக்கு நுனியில் ஆயத்தமாக இருந்தது. நெற்றித் திருநீறு இன்னும் உதிரவில்லை.

"கண்டவர் அம்மா. கண்ணாடியில கண்டவர்."

"நிப்பாட்டேல்லை."

"இல்லை."

சுப்பம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயரூபி வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுப்பம்மா சொன்ன சொல் தெளிவாக இருந்தது. முன் சீற்றில் இருந்தவனைத் தான் எங்கே கண்டாலும் கை நீட்டிக் காட்டுவாளாம், எந்தப் பொலிசிலும் வந்து சொல்லுவாளாம். ஆனால் கௌசலாவும் கூட வரவேண்டும். மனுசன் கண்ணாடியில் கண்டும் நிற்காமல் போனதை அவளுடைய வாயால் அங்கே சொல்லவேண்டும்.

"ரெண்டு பேரையும் சொல்லவேணும். ஒருத்தரை மட்டும் சொல்ல நான் வரமாட்டன்."

புருசனைக் காப்பாற்ற வந்தவளிடம் புருசனையும் கேட்டாள் சுப்பம்மா. கேட்டதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் கௌசலாவை நெரித்தது. ஓம் என்று சொன்னால் அவனுக்கு மறியல் நிச்சயம். இல்லை என்று சொன்னால் அந்தப் பெரிய மனிதன் நாளைக்கும் இதே தெருவால் போவான். அவள் வாய் திறக்கும் முன்னர் போன் அடித்தது.

தகப்பன். குரலில் அப்படி ஒரு நிம்மதி. எல்லாம் சரி பிள்ளை, சேர் நேரில் வந்து மருமகனைக் கூட்டிக்கொண்டு இப்போதுதான் வெளிக்கிட்டார், தனியத்தான் போனேன் என்று கையெழுத்து வைத்தால் போதுமாம், நீ எங்கே நிற்கிறாய், ஒன்றையும் குழப்பிவிடாதே என்றார். கௌசலா போனை நிறுத்தினாள்.

கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு யார் வந்து எதைச் சொல்லியும் பிரயோசனம் இல்லை. பஸ் பிடித்து அவர்களுக்கு முன்னால் வவுனியா போகவும் முடியாது.

"அவை இதாலதான் வருவினம் அம்மா. ஆனா இண்டைக்கு என்ர மனுசன் ஓட்டேல்லை. நிப்பாட்டுவினமோ தெரியாது."

சுப்பம்மா தெருக்கரைக்குப் போனாள். நின்றாள்.

*

வாகனம் வந்தது. இன்னொரு வெள்ளைக் கெப். ஒரு பஸ்ஸை வெட்டி முந்திக்கொண்டு, ஹோனை அமத்தியபடி வந்தது. வந்த வேகத்துக்குப் போய்விடும் என்றுதான் கௌசலா நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அது வேகம் குறைந்து ஓரம் கட்டியது. ஓட்டிவந்தவர் ஐயாத்துரை, பென்சனுக்குக் கிட்ட நிற்கிற பழைய சாரதி. முப்பது வருடம் இந்தத் தெருவில் ஓடியவருக்கு இந்த இடத்தில் கால் தானாகப் பிரேக்கில் போய்விடும். சேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனைப் பார்த்தார்.

பின்கதவு திறந்தது. விஜிதரன் இறங்கினான். கலியாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தான். செருப்பைக் கழற்றினான். பையில் இருந்து ஒரு கற்பூரக் கட்டியை எடுத்தான். நிமிர்ந்தபோது மனைவியைக் கண்டான். அவளுக்குப் பக்கத்தில், போன திங்கள் குனிந்து கச்சான் பொறுக்கிய அம்மா நிற்பதையும் கண்டான்.

"தம்பி, நான் தயாளினின்ர அம்மா" என்றாள் சுப்பம்மா.

அவன் கையில் கற்பூரத்தோடு அப்படியே நின்றான்.

"பிள்ளையாருக்கு இறங்கிட்டீங்கள். என்ர பிள்ளைக்கும் இப்பிடி ஒருக்கா இறங்கியிருக்கலாம்."

விஜிதரனின் முகம் கோணியது. தெருவில், சனத்துக்கு முன்னால், சத்தம் இல்லாமல் அழுதான். கௌசலா கிட்டப் போய்ச் சொன்னாள், தான் கண்ணாடி விசயத்தைச் சொல்லிவிட்டதாக. அவன் அவளைப் பார்த்தான். கோபப்படவில்லை. நாலு நாளாகப் பூட்டிக் கிடந்த ஒன்று அவன் முகத்தில் அவிழ்வதை அவள் கண்டாள்.

முன் கண்ணாடி இறங்கியது. கெதியாக வந்து ஏறு, அங்கே காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார் சேர். அந்தக் குரலுக்குச் சுப்பம்மா திரும்பினாள். முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"இவர்தான் பிள்ளை. வறுத்தது காணாதெண்டவர்."

சொல்லிவிட்டு நடந்துபோய் வாகனத்துக்கு நேர் முன்னால் நின்றாள். கௌசலா ஒரு கணம் புருசனைப் பார்த்தாள். பிறகு அவளும் போய்ச் சுப்பம்மாவின் பக்கத்தில் நின்றாள். முறிகண்டியில் கலர் லைட் இல்லை. கமராவும் இல்லை. இரண்டு பெண்கள் மட்டும்தான் நின்றார்கள்.

விஜிதரன் ஏறவில்லை. கற்பூரம் அவனுடைய வியர்த்த கைக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தது.

ஐயாத்துரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என்ன செய்வது என்று சேரைத் திரும்பிப் பார்த்தார். சேர் கண்ணாடியை மேலே ஏற்றினார். ஏற்றிக்கொண்டே, விஜிதரனுக்கு நன்றாகப் பழகிய அந்த ஒரே சொல்லைச் சொன்னார்.

"போ."